தண்ணீருக்கு நான்கு நாள் லீவு

சாயப்பட்டறைக்காரர்கள் வருஷங்களை நம்பரில் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, நிறத்தில் வைத்துக்கொள்வார்கள். துணி அலசுகிற லூர்துமேரிக்குக் கல்யாணம் ஆனது கடல்நீலம் ஓடிய வருஷம், பஸ் ஸ்டாண்டு இடம் மாறியது இலைப்பச்சை ஓடிய வருஷம். அதுபோல வேப்பங்காட்டுப்புதூரில் தண்ணீர் லீவு கேட்டது மாம்பழ மஞ்சள் ஓடிய வருஷம், மார்கழி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேனேஜர் கனகசபை அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். யாரோ தயங்கித் தயங்கி, "சார், பொங்கலுக்கு நாலு நாள் லீவு வேணுமுங்க சார், ஊருக்குப் போய்ட்டு ஓடியாந்துர்றேன்" என்றார்கள். அந்த மாதத்தில் அது முப்பதாவது விண்ணப்பம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போன மாசம்தானே போனே? எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். "பதினோரு வருஷமா ஒரு நாள்கூடப் போகலீங்க சார்" என்று பதில் வந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. குழாயை மூடினார், பேச்சு பாதியில் நின்றது. திறந்தார், "மனசு வைங்க சார்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஈரக்கையோடு நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மோட்டாரில் கோளாறு என்று சொல்கிற அதே குரலில், "ஏம்மா, தண்ணி லீவு கேக்குது" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த சிவரஞ்சனி, கையிலிருந்த சோதனைக்குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, "எத்தனை நாளுங்க சார்?" என்று கேட்டாள்.

அந்த நிலையம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று புரியும். ஊரைச் சுற்றி முப்பத்தாறு சாயப்பட்டறைகள். துணியை நனைத்து, சாயம் ஏற்றி, அலசி முடித்த தண்ணீர் முப்பத்தாறு குழாய்களில் நிறம் நிறமாக இங்கே வந்து சேரும். இங்கே அதன் நிறத்தை எடுத்து, அழுக்கை நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுத்து, உப்பைப் பிரித்து, கண்ணாடிபோல ஆக்கி, அதே பட்டறைகளுக்குத் திருப்பி அனுப்புவார்கள். பிரித்த உப்பு மறுபடி சாயத்தொட்டிக்குப் போகும், அடியில் தங்கிய சேறு சிமெண்டு ஆலைக்கு லாரி ஏறும், பாய்லர் சாம்பல் செங்கல்லாகும், ஆவியாகிப் போகிற கொஞ்சத்தை மழைத்தொட்டி ஈடுகட்டும். முகப்புச் சுவரில் ஆள் உயர எழுத்தில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: 'ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது.' வெளியேறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து பூட்டும், பூட்டினால் முப்பத்தாறு பட்டறைகளும் நிற்கும், நாலாயிரம் பேர் பெட்டி கட்டுவார்கள். அதனால் பதினோரு வருஷமாக அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, சிவப்பாகிப் போய் வெள்ளையாகித் திரும்பி, நீலமாகிப் போய் வெள்ளையாகித் திரும்பி, ஒரு நாள் ஓய்வில்லாமல்.

பதினோரு வருஷம் மனிதர்களுக்கு நடுவே சுற்றிய தண்ணீர் பேச்சுக் கற்றுக்கொண்டுவிட்டது. தெற்கத்திக்காரர்களின் இழுவையும், உள்ளூர்க்காரர்களின் 'ங்க'வும், ஒடிசாவிலிருந்து வந்த தனேஸ்வர் துணி அலசும்போது முணுமுணுக்கும் பாட்டின் இரண்டு வரிகளும் அதற்குத் தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தையும் கிடையாது. யாரோ எப்போதோ அதன் பக்கத்தில் நின்று சொன்னதை, இடம் பார்த்துத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். ஆளில்லாத வேளையில் குழாயடியில் நின்று லீவு கேட்பதற்கு ஒத்திகை பார்க்காதவர் அந்தப் பட்டறைகளில் யாரும் இல்லை என்பதால், அதற்கு லீவு கேட்கத்தான் மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

"தேங்குன தண்ணி எல்லாமே பேசும் தாயி, நாம நின்னு கேக்குறதில்ல" என்றார் ஒச்சப்பன். அவர் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், பம்பு ஆபரேட்டர், இருபத்திரண்டு வால்வுகளையும் காதாலேயே அடையாளம் தெரிந்தவர்.

"எந்த ஊருன்னு கேட்டீங்களாங்ண்ணா?" என்று கேட்டாள் சிவரஞ்சனி.

"கேட்டேன். தெரியலைங்குது. மொதமொத நெரப்புனப்ப லாரித் தண்ணி, பத்து ஊருல இருந்து வந்துச்சு. இப்ப எது எதுன்னு பிரிக்க முடியுமா? யாரு ஊருன்னாலும் சரியாம். ஊருன்னு ஒண்ணு இருந்தாப் போதுமாம்."

சிவரஞ்சனி அடுத்த குடுவையை எடுத்தாள். அவள் பொதுவாகவே பதில் சொல்கிறவள் இல்லை, பார்க்கிறவள். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்தாலே இது எந்தப் பட்டறைத் தண்ணீர், நேற்று யார் அவசரப்பட்டு உப்பை அள்ளிப் போட்டார்கள் என்று சொல்லிவிடுவாள். எறும்பு மாதிரி சின்னதாக ஒரு கையெழுத்து உண்டு அவளுக்கு, அது விழுந்தால்தான் காலையில் தண்ணீர் பட்டறைக்குப் போகும். மூன்று வருஷமாக அந்தக் கையெழுத்து ஒரு நாளும் தவறியதில்லை. லீவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு ஒதுக்கிய பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

அவளுக்கும் ஊர் உண்டு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், ஆற்றின் கீழ்ப்பக்கம், காரைப்பாளையம். இந்த நிலையம் வருவதற்கு முந்திய காலத்தில், சாயத்தண்ணீர் எல்லாம் ஆற்றில் போய்க்கொண்டிருந்தபோது, அவள் அப்பா நாச்சிமுத்துவின் கிணற்றில் ஒரு நாள் காலை இளஞ்சிவப்பு ஊறியிருந்தது. அடுத்த வருஷம் தென்னைகளின் குருத்து கருகியது, அதற்கடுத்த வருஷம் நூற்றிருபது மரமும் மொட்டையாக நின்றன. வேதியியல் படித்து முடித்தவள், தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற இடத்தில் போய் நின்றால் என்ன என்று நினைத்து இந்த வேலைக்கு வந்தாள். நினைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா கேட்டதெல்லாம் 'சாயப்பட்டறை வேலை' என்ற இரண்டு வார்த்தைதான். "அந்தத் தண்ணிக்குக் காவல் நிக்கற கையில எனக்குச் சோறு போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எருமையைப் பிடித்துக்கொண்டு போனவர், அதன்பின் அவளிடம் பேசவில்லை. அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்று பேசியிருப்பாள். அம்மா இல்லை. மூன்று பொங்கலுக்கும் சிவரஞ்சனி டூட்டி போட்டுக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள்.

கனகசபை லீவு தரவில்லை. மனிதர்களுக்கு விதி இருக்கிறது, தண்ணீருக்கு இல்லை என்றார். தண்ணீர் சண்டை போடவில்லை, நிற்கவும் இல்லை, வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தது. மனசுதான் வேலையில் இல்லை. மாம்பழ மஞ்சள் திட்டுத் திட்டாக ஏறத் தொடங்கியது. லூர்துமேரி ஒரு துணியை விரித்துப் பிடித்து, "ஏ புள்ள, இங்க பாரேன், இது எங்க ஊரு கம்மா. இந்தா தண்ணி வழியுற கலுங்கு. இது அத்தை வீட்டுக்குப் போற ஒத்தையடிப் பாதை, அத்தை வீட்டு நாயிகூட விழுந்திருக்கு" என்று காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. தனேஸ்வர் பிடித்த துணியில் அவன் ஊர்ப் படகுத்துறை விழுந்திருந்தது. இஸ்திரி போடுகிறவர்கள் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். சரக்கைச் சோதிக்க வந்த வெளிநாட்டு ஆள், குழந்தைகள் போடுகிற ஒரு சின்ன பனியனை எடுத்து முகர்ந்துவிட்டு, வெளியே போய் மரத்தடியில் நின்று தன் அம்மாவோடு ஒரு மணி நேரம் போனில் பேசினான், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து முழுச் சரக்கையும் நிராகரித்தான். ஒரு பட்டறை நின்றது, மறுநாள் நாலு நின்றன, வாரக் கடைசியில் பத்தொன்பது.

மறுநாளே ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் கூட்டம் கூடியது. ஒச்சப்பன் கையைத் தூக்கினார்.

"சார், நான் மில்லுல ஒன்பது வருஷம் பதிலியா நின்னவன். நிரந்தரமே ஆகல, அது வேற கதை. ஒருத்தன் லீவு போட்டா அவன் மெஷின்ல பதிலி நிக்கணும், அதான மொறை? தண்ணி ஊருக்குப் போகட்டும். போற ஊர்ல இருந்து அதே அளவு பதிலித் தண்ணி வரட்டும்."

"வெளிய போனா அது டிஸ்சார்ஜ், ஒச்சப்பா. பூட்டிருவாங்க."

"டிஸ்சார்ஜ்னா திரும்பி வராது சார். லீவுன்னா ஆளு வரும், ஆளு வரலைன்னா பதிலி வரும்."

"சரி, யாரு கூட்டிட்டுப் போறது? தனியா அனுப்ப முடியுமா?"

மூலையில் இருந்த குழாய், எந்தத் தாயோ எப்போதோ கெஞ்சிய குரலில், "மடியிலயே வச்சுக்கிட்டுக் கொண்டாந்துர்றேன் சார், ஒரு தொந்தரவும் பண்ணாது" என்றது. கூட்டம் சிரித்தது. கனகசபையும் சிரித்துவிட்டார், சிரித்தபிறகு மறுக்க முடியவில்லை. வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் நாலே நாளில் வந்தது. தண்ணீரின் விடுப்பு பற்றி விதிகளில் எதுவும் சொல்லப்படவில்லை, எனவே தடையும் சொல்லப்படவில்லை. ஆனால் பொங்கல் கழிந்து அலுவலர் வந்து பார்க்கும் காலையில் தொட்டித் தண்ணீர் உள்சுவரில் போட்ட வெள்ளை அளவுக்கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும், வெளியே போகும் ஒவ்வொரு கேனும் குடிக்கத் தகுந்தது என்று ஆய்வுக்கூடம் கையெழுத்திட வேண்டும்.

எல்லோரும் சிவரஞ்சனியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் இருக்கிற சோதனை எல்லாம் செய்தாள், இல்லாத சோதனைக்கு மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள், செய்ததையே மறுபடி செய்தாள். எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் ஒரு டம்ளரில் பிடித்து, எல்லோர் முன்னாலும் நின்று, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"என்னம்மா, ஏதாவது பண்ணுதா?" என்றார் கனகசபை.

"ஒண்ணும் பண்ணலீங்க சார். ருசிதான் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

ஆளுக்கு ஐந்து லிட்டர் கேன். லீவுப் பதிவேட்டில் தனியாக ஒரு பகுதி கோடு போட்டு, கூட்டிப்போகிறவர் பெயர், ஊர், அளவு, காரணம் என்று எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் 'பொங்கல்' என்றே எழுத, தனேஸ்வர் மட்டும் 'அம்மாவிடம் காட்ட' என்று யாரையோ எழுதச் சொன்னான். எந்த ஊரில் இறக்கிவிட்டால் தண்ணீருக்குப் பிடிக்கும் என்பதே பட்டறைகளில் ஒரு வாரப் பேச்சு. எங்க ஊரு வாய்க்கால்ல கொண்டு போய் விட்டா ஆட்டம் போடும் என்றார் ஒருத்தர், எங்க குளத்துல அல்லி இருக்கு, நிம்மதியாப் படுத்துக் கெடக்கும் என்றார் இன்னொருத்தர். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்து, "இது லக்கேஜா, ஆளா?" என்று கேட்டார். "ஆளுதான், முதல்தடவை ஊருக்குப் போகுது" என்றாள் லூர்துமேரி. "அப்ப ஜன்னலோரம் குடுங்க, வேடிக்கை பாத்துட்டு வரட்டும்" என்று அவரே எழுந்து இடம் பண்ணிக் கொடுத்தார். பஸ் பஸ்ஸாக மஞ்சள் மூடி போட்ட கேன்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெற்கே போயின, தனேஸ்வரின் கேன் ரயிலேறி வடக்கே போனது.

"உன் கேன் எங்க தாயி?" என்றார் ஒச்சப்பன்.

"எனக்கு டூட்டிங்ண்ணா."

"தண்ணியே போகுது. நீ என்ன தண்ணிய விடப் பெரிய ஆளா?"

சிவரஞ்சனி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாலாயிரம் வீட்டுக்குப் போகிற தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள், ஆனால் ஒரே ஒரு கிணற்றுக்கு அந்தக் கையெழுத்து போதாது என்று அவளுக்குத் தெரியும். அங்கே போய் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால், மூன்று வருஷமாக அவள் போட்ட கையெழுத்துகள் அத்தனையும் வெறும் எறும்புகளாகிப் போகும். கடைசியில் மிஞ்சியிருந்த ஒரு கேன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

காரைப்பாளையத்தில் நாச்சிமுத்து எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். மகள் கேனோடு வந்து நிற்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு எருமையிடம், "கருப்பீ, யாரோ வந்திருக்காங்களாட்ட இருக்குது. எதுக்கு வந்தாங்கன்னு கேளு" என்றார்.

சிவரஞ்சனியும் எருமையைப் பார்த்து, "தண்ணிக்கு லீவுன்னு சொல்லு. கூட்டிட்டு வந்திருக்கேன்னு சொல்லு" என்றாள்.

"எந்தத் தண்ணின்னு கேளு."

"அங்கத்த தண்ணி."

எருமை அசைபோட்டது. நாச்சிமுத்து தட்டை இரண்டாக ஒடித்தார். "அப்பச் சொல்லாமக் கொள்ளாம வந்துது. இப்பச் சொல்லீட்டு, கேன்ல ஏறி வந்திருக்குதாமா" என்றார்.

அவள் வீட்டுக்குள் போய் இரண்டு டம்ளர் எடுத்து வந்தாள். ஒன்றில் ஊற்றித் தான் குடித்தாள். இன்னொன்றில் ஊற்றி, தொழுவத்துச் சுவர்மேல் அப்பாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள். அவர் தொடவில்லை. கருப்பி கழுத்தை நீட்டி, நாக்கைச் சுழற்றி, டம்ளரைக் கவிழ்த்து அத்தனையும் நக்கிவிட்டது. பதினைந்து வருஷமாக அந்தத் தொழுவத்தில் எந்த எருமையும் கிணற்றுத் தண்ணீரை மோந்துகூடப் பார்த்ததில்லை. நாச்சிமுத்து எருமையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியம் சாப்பிடப் போகவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்ததும், "உனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டார். அது வாலை ஆட்டியது. அவர் கேனைச் சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, நாக்கில் வைத்தார், துப்பினார், மறுபடி வைத்தார், இந்தத் தடவை துப்பவில்லை.

"ருசியே இல்லையே" என்றார், எருமையின் பக்கம் திரும்பாமல்.

"ரொம்ப நாள் வேலை பார்த்த தண்ணிங்ப்பா" என்றாள்.

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தார், அவள் பின்னால் போனாள். யாரும் தண்ணீர் எடுக்காத கிணறு, நாலு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல். ஆனால் வீட்டிலிருந்து கிணற்றுவரை ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் புல் தேய்ந்து தரை தெரிந்தது, புத்தம்புதுசாக, தினமும் யாரோ போய் வருகிறாற்போல. சிவரஞ்சனி அதைப் பார்த்தாள், எதற்கென்று கேட்கவில்லை. நாச்சிமுத்து கேனைக் கவிழ்க்கவில்லை. சுவரோரமாக, கைக்குழந்தையின் தலையில் ஊற்றுகிற பதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட்டார். அது இருட்டுக்குள் இறங்கிப் போய்ச் சேர்ந்ததும், நெடுநேரம் நின்றவர் யாரோ உட்கார்ந்ததுபோல ஒரு பெருமூச்சு மேலே வந்தது.

அதற்குப் பிறகு நாலு நாளும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வைத்த பொங்கலை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எருமையின் மூலமாக. கிளம்புகிற காலையில் அவள் எழுந்தபோது கேன் நிறைந்திருந்தது. பழைய சாயத்தின் நிறத்தில், இளஞ்சிவப்பாக, கிணற்றுத் தண்ணீர். மூடிமேல் பாலித்தீன் தாளைப் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார். பஸ் வந்ததும் அவரே தூக்கிவைத்து, கண்டக்டரிடம், "பாத்து எறக்கி உடுங்" என்றார். கேனையா, மகளையா என்று கண்டக்டர் கேட்கவில்லை.

லீவு முடிந்த மறுநாள் காலையில் சேகரிப்புத் தொட்டியைச் சுற்றி நாலாயிரம் பேர் பதிலிகளோடு வரிசையில் நின்றார்கள். கம்மாய்த் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், அடிபம்புத் தண்ணீர், குளத்துத் தண்ணீர். ஊற்ற ஊற்ற ஒவ்வொன்றும் தன் ஊர்ப் பேச்சைப் பேசிக்கொண்டு இறங்க, தொட்டி சந்தைக்கடையானது. தனேஸ்வரின் தண்ணீர் ஒடியாவில் ஏதோ சொன்னது, அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். லூர்துமேரியின் கேனிலிருந்து ஒரு கெண்டைக்குஞ்சும் விழுந்தது. "மீன் கணக்கில் வராது" என்று வாரிய அலுவலர் குறித்துக்கொண்டார். வரிசையில் கடைசி ஆளுக்கு முந்தினவர் ஊற்றும்போது தண்ணீர் வெள்ளைக்கோட்டைத் தொட்டது. அலுவலர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். கைதட்டினார்கள்.

கடைசி ஆள் சிவரஞ்சனி. கனகசபை அவள் கேனைப் பார்த்தார். "என்னம்மா இது, நம்ம பழைய தண்ணி மாதிரி இருக்கு?"

"நம்ம தண்ணிதாங்க சார். இந்த நிலையம் வர்றதுக்கு முன்னாடி போனது."

"உப்பு எவ்வளவு?"

சொன்னாள். அவர் முகம் சுளித்தார். "லெவல்தான் வந்துருச்சே. இது வேண்டாம், வெளியே கொட்டிரு."

"வெளியே எங்கேங்க சார் கொட்டறது?"

அவள் எதிர்த்துக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் ஆள் உயரத்துக்குச் சிவப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அலுவலரும் சுவரைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"நல்ல தண்ணிக்கு இங்க என்ன சார் வேலை?" என்றார் ஒச்சப்பன். "ஆஸ்பத்திரிக்கு நோயாளிதான வரணும். ஊத்து தாயி. நான் எழுதிக்கிறேன்." பதிவேட்டை வாங்கி, அந்த வரியில் பதிலி என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை அடித்து, நிரந்தரம் என்று தன் கையாலேயே எழுதினார்.

அவள் டியூபை அவிழ்த்து ஊற்றினாள். இளஞ்சிவப்பு மற்றத் தண்ணீர்களுக்கு நடுவே கூச்சத்தோடு இறங்கி ஓரமாக நின்றது. எதுவும் பேசவில்லை. வெகுநாளைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று யாரும் அதைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் அது சுத்தமாகி வெளியே வந்தது. நிறம் போயிருந்தது, உப்பு போயிருந்தது. பேச்சு போகவில்லை. அன்று காலை லூர்துமேரி அலசுகிற தொட்டியின் குழாயைத் திறந்தபோது, யாரோ தெரியாத பெரியவர் ஒருவர், ஆழத்திலிருந்து, தனக்குள் பேசிக்கொள்கிற குரலில் கேட்டார்: "அம்மணி சாப்பிட்டாளோ என்னமோ."

லூர்துமேரி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, ஊர்விட்டு ஊர் வந்த யாரையும் யாரும் அப்படிக் கேட்டால் சொல்கிற பதிலைச் சொன்னாள்: "சாப்பிட்டேன்ப்பா."

அன்று முழுக்க முப்பத்தாறு பட்டறைகளிலும் குழாயைத் திறந்த இடமெல்லாம் அந்தக் குரல் கேட்டது. "குளிருக்குப் போர்வை வச்சிருக்காளோ என்னமோ." "வாயில்லாத புள்ள, யாருகிட்டக் கேப்பா." "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." மூன்று வருஷமாக ஒரு மனிதர் தினமும் ஒரு கிணற்றில் குனிந்து சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. யார் அப்பா என்று யாரும் விசாரிக்கவில்லை. போர்வை இருக்குதுப்பா என்றார்கள், நல்லா இருக்கோம்ப்பா என்றார்கள். தனேஸ்வர் அவன் பாஷையில் என்னவோ நீளமாகச் சொன்னான். அன்றைய மாம்பழ மஞ்சள் ஒரு திட்டு இல்லாமல் ஏறியது.

சாயங்காலம் ஷிப்டு முடிகிற நேரத்தில் அது சுற்றி முடித்து ஆய்வுக்கூடத்துக் குழாய்க்கு வந்தது. சிவரஞ்சனி நாளைய மாதிரிக்காகக் குடுவையை நீட்டினாள். குரலை முதல் எழுத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"அம்மணி சாப்பிட்டாளோ என்னமோ."

குடுவை நிறைந்து வழிந்தது. "சாப்பிட்டேங்ப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க?" என்றாள்.

குழாய் பதில் சொல்லவில்லை. கேட்டதைத்தானே அது சொல்லும், தான் சாப்பிட்டதைப் பற்றி அவர் கிணற்றிடம் ஒரு நாளும் சொன்னதில்லை போலிருக்கிறது.

அவள் மஞ்சள் மூடி கேனை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள். நிறைந்ததும், கேனின் வாயருகே குனிந்து, கிணற்றில் குனிகிற மாதிரி, "நீங்க சாப்பிட்டீங்ளாங்ப்பா?" என்றாள். தண்ணீர் பாடம் பண்ணிக்கொள்ளட்டும் என்று இன்னும் இரண்டு தடவை, கூடுமானவரை சத்தமாக, சொன்னாள். மூடியை இறுக்கி மூடினாள். லீவுப் பதிவேட்டைத் திறந்து, பொங்கல் கணக்கு தனிப் பகுதியில் போனதால் இன்னும் வெள்ளையாகவே இருந்த தன் பக்கத்தில், சனிக்கிழமை, ஒரு நாள் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் சற்று யோசித்து, தண்ணீர் ஒரு சேதி கொண்டுபோகிறது, துணைக்குப் போகிறேன் என்று எழுதி, எறும்பைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.